‘நாளைக்கு வரவேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்...

வியாபாரிகளாகிய நாம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள். சீனி மூட்டையில் எத்தனை கிலோ குறைந்தது, லொறிக் கூலி எவ்வளவு ஏறியது, யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் நம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் கடையில் வேலை செய்யும் ஒருவரோடு ஏற்படும் மனக்கசப்பால் நமக்கு எவ்வளவு நட்டம் என்பதை எழுதும் பக்கம் நம் எவருடைய கொப்பியிலும் கிடையாது. அந்தக் கணக்கை நான் ஒருமுறை பார்க்க நேர்ந்தது. நம்மவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் அதை இங்கே எழுதுகின்றேன்.

எனது கடை கொஸ்லந்த பஜாரில் உள்ளது. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில், தியலும நீர்வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் வரும் சிறிய ஊர் இது. மேலே தேயிலைத் தோட்டங்கள், கீழே கிராமங்கள். தோட்டத்துச் சம்பள நாளை வைத்தே எங்கள் வியாபாரம் நடக்கும். என் தகப்பனார் காலத்திலிருந்தே கடையில் வேலைக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள்தான். எனக்கு ஆறு ஊழியர்கள். அவர்களில் ஒரு தம்பி ஒன்பது வருடங்களாக என்னோடு இருந்தார். காலையில் கடையைத் திறப்பதும் அவர்தான், நான் தொழுகைக்குப் போனால் லாச்சியைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்து இருப்பு எடுத்தபோது சாமான் குறைந்திருந்தது. பால்மாப் பெட்டிகள், சீனி மூட்டைகள், சவர்க்காரம் என்று கூட்டிப் பார்த்தால் இருபதாயிரம் ரூபாவுக்கும் மேல். களஞ்சியச் சாவி அந்தத் தம்பியிடம் இருந்ததால் சந்தேகமும் அவர்மீதே விழுந்தது. நான் அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜூலை மாதச் சம்பளத்தில் 3,000 ரூபாவைக் கழித்தேன். ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் அப்படியே கழித்தேன். அவரும் வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கியது. வழக்கமாகக் கொடுக்கும் முற்பணத்தைக் கேட்டு வந்தார். கடை நிறைய ஆட்கள். “நாநா, மூணு மாசமா வெட்டுறீங்க, எதுக்குன்னு சொல்லவே இல்லையே” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “எடுத்தவனுக்குத் தெரியாதா எதுக்கு என்று? நாளைக்கு வரவேண்டாம்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவர் சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பரில் தொழில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது.

கொப்பிக்குள் இருந்த பதில்

கடிதத்தைக் கண்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம். களவை நிரூபித்துக் காட்டவேண்டும் என்று பழைய சிட்டைகள், விநியோக ரசீதுகள் எல்லாவற்றையும் இரவிரவாகப் புரட்டினேன். மூன்றாம் நாள் என் மைத்துனரின் கடைக்குப் போய் அவருடைய கொப்பியையும் வாங்கிப் பார்த்தேன். பெருநாள் நெருக்கடியில் என் களஞ்சியத்திலிருந்து இரண்டு முறை அவர் சாமான் எடுத்துப் போயிருக்கிறார். அவரது கொப்பியில் திகதியோடு எழுதப்பட்டிருந்தது. என் கொப்பியில் இல்லை. காரணம், அந்த இரண்டு தடவையும் சாமான் கொடுத்து அனுப்பியவன் நானேதான். பிறகு எழுதலாம் என்று விட்டு, மறந்தும் போயிருக்கின்றேன்.

இரண்டு நாட்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. மறைக்க எனக்கு அது லேசு. ஆனால் இந்தச் சின்ன ஊரில் ‘களவெடுத்தவன்’ என்ற பெயரோடு ஒரு இளைஞன் இன்னொரு கடை வாசலில் வேலை கேட்டு நிற்க முடியாது. அந்த ஒரு மாதத்தில் இரண்டு கடைகளில் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

விசாரணை நாளில் அவரோடு அவருடைய தோட்டக் கமிட்டித் தலைவரும் வந்திருந்தார். வயதானவர், என் தகப்பனாரையும் அறிந்தவர். அதிகாரி என்னிடம் கேட்டவை மூன்றே மூன்று கேள்விகள். இவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தீர்களா? சம்பளத்தில் கழிப்பதற்கு இவருடைய சம்மதம் பெற்றீர்களா? நிறுத்துவதற்கு முன் காரணத்தைச் சொல்லி விளக்கம் கேட்டீர்களா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பிறகு மைத்துனரின் கொப்பி விடயத்தை நானே எடுத்துச் சொன்னேன். அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. அந்தத் தலைவர்தான் மெதுவாகச் சொன்னார்: “முதலாளி, தோட்டத்தில துரை ஒருத்தன நிறுத்துறதுன்னாகூட மொதல்ல காயிதம் குடுப்பாரு. நீங்க வாயாலேயே நிறுத்திட்டீங்களே.”

தோட்டம் படித்த பாடம்

அவர் சொன்னது நீண்ட நாட்கள் என் மனதில் நின்றது. தோட்டத் தொழிலாளர்களைப் பாவப்பட்டவர்கள் என்றே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் பிணக்கு ஒன்றைப் படிப்படியாக எடுத்துச் செல்லும் முறை அவர்களிடம் இருக்கின்றது; பஜாரில் உள்ள நம்மிடம் இல்லை. அந்த முறை அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

ஒரு காலத்தில் தோட்டத்தில் வேலை செய்தவர் கங்காணியிடம் பட்ட கடனால் கட்டுண்டிருந்தார். ‘துண்டு’ என்ற சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனைத் தீர்த்தால்தான் துண்டு. இந்த முறை 1921ஆம் ஆண்டுதான் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஊழியருக்கு முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘கடனைக் கட்டிவிட்டுப் போ’ என்று அவரைப் பிடித்து வைத்திருக்கும் நம்மில் சிலர், நூறு வருடங்களுக்கு முன் ஒழிக்கப்பட்ட துண்டு முறையைத்தான் கடைக்குள் நடத்துகிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

அடுத்து 1940ஆம் ஆண்டு. சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். வேலைநிறுத்த அலை நமது ஊவாவுக்கும் பரவியது. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசி நடப்பதற்குத் துரையும் இணங்கினார். அந்தப் போராட்டங்கள் பின்னர் அடக்கப்பட்டன என்றாலும், தொழிலாளியின் பிரதிநிதியோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும் என்ற நிலை படிப்படியாக உருவாகியது.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அதற்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தது. முதலில் இரு தரப்பும் பேசுவது, முடியாவிட்டால் தொழில் ஆணையாளரின் சமரசம், அதுவும் சரிவராவிட்டால் நடுத்தீர்ப்பு என்று படிகள் வகுக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தனியொரு தொழிலாளி தானாகவே போய் நியாயம் கேட்கக்கூடிய தொழில் நியாயசபைகளும் வந்தன.

தோட்டத்தில் இன்றும் ஒருவருக்கு அரைப்பேர் போட்டுவிட்டால், அவர் முதலில் தலைவரிடம் சொல்கிறார். தலைவர் கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறார். தீராவிட்டால் துரையின் காரியாலயம், அதற்கடுத்து தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயம், அதன்பின் தொழில் திணைக்களம். பெரும்பாலான பிரச்சினைகள் முதல் இரண்டு படிகளிலேயே முடிந்துவிடுகின்றன. செலவும் இல்லை, பகையும் இல்லை.

படிகள் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் தோட்டமே காட்டியது. நீண்டகாலமாகச் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் பேசித் தீர்க்கப்பட்டு வந்தது. 2021ஆம் ஆண்டு சம்பளச் சபையின் மூலம் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது அந்த ஒப்பந்த முறை கைவிடப்பட்டது. சம்பளம் கூடியது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை நாள் வேலை என்பவற்றைப் பேசுவதற்கு இருந்த மேசை இல்லாமல் போனது. 2024ஆம் ஆண்டு 1,700 ரூபா தொடர்பான வர்த்தமானி உயர் நீதிமன்றம் வரை சென்று, அவ்வருடம் செப்டெம்பரில் 1,350 ரூபா என்று மாற்றப்பட்டது. பேசும் இடம் இல்லாதபோது ஒவ்வொரு பிரச்சினையும் வழக்காகிவிடுகிறது.

‘பதினைந்து பேருக்குக் குறைவு’ என்ற நினைப்பு

நம் வியாபாரிகளிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. “என்னிடம் ஐந்தாறு பேர்தான், எனக்குச் சட்டம் பொருந்தாது” என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். விசாரணைக்குப் பின் ஒரு சட்டத்தரணி நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பதினைந்து பேர் என்ற எல்லை இரண்டு சட்டங்களில் வருகிறது. ஒன்று, ஆட்குறைப்பு போன்ற காரணங்களுக்காக ஒருவரை நிறுத்த முன்கூட்டியே ஆணையாளரின் அனுமதி பெறவேண்டும் என்று கூறும் 1971ஆம் ஆண்டுச் சட்டம். மற்றையது 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். ஐந்து வருடங்களோ அதற்கு மேலோ வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கு இதில்தான் உள்ளது.

ஆனால் ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டியாக வேண்டும். அவரிடமிருந்து 8 வீதம், நம்மிடமிருந்து 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் நமது கையிலிருந்து. பிந்தினால் சேமலாப நிதிக்கு மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும். தேசிய ஆகக்குறைந்த வேதனமும் அப்படியே. அது 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையின் விபரங்களை எழுத்தில் கொடுக்கவேண்டும். வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சட்டம் அனுமதித்த வகையில், ஊழியரின் சம்மதத்துடன் அல்லாமல் சம்பளத்தில் கை வைக்க முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிறுத்தப்பட்ட ஊழியர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம் என்பது. அங்கே ஊழியர் எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல. நிறுத்தியதை நாம் ஒப்புக்கொண்டால், அது நியாயமானதுதான் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. மீண்டும் வேலையில் சேர்க்கும்படியும் கட்டளை வரலாம், நட்டஈடு கொடுக்கும்படியும் வரலாம். பதினைந்து பேருக்குக் குறைந்த கடையின் ஊழியர் பணிக்கொடை கேட்கவும் அதே கதவு திறந்திருக்கிறது.

என் கணக்கு

எங்கள் பிரச்சினை நியாயசபை வரை போகவில்லை. சமரச மேசையிலேயே முடிந்தது. கழித்த 9,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய சம்பளம் அப்போது 24,000 ரூபா. ஒன்பது வருடத்துக்கு, வருடமொன்றுக்கு 12,000 வீதம் 1,08,000 ரூபா கொடுக்க உடன்பட்டேன். முதல் இரண்டு வருடங்கள் சேமலாப நிதி கட்டாமல் விட்டிருந்தேன். அந்த நிலுவையையும் மேலதிகக் கட்டணத்தோடு செலுத்தினேன்.

இவ்வளவுக்கும் அந்தத் தம்பி பணம் எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. “கடையில நின்ன ஆளுங்க முன்னாடி சொன்னத, அதே ஆளுங்க முன்னாடி நாநா திருப்பிச் சொன்னா போதும்” என்றார். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரத்தில் அவரை அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு கனமான சாமானை நான் தூக்கியதில்லை.

அவர் மறுபடி வேலைக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கொழும்புக்குப் போய்விட்டார். ஊருக்கு வரும்போது கடை வாசலில் நின்று சுகம் விசாரிப்பார், உள்ளே வரமாட்டார். அவருடைய இடத்துக்கு இரண்டு வருடத்தில் நான்கு பேரை மாற்றினேன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை வேறு எவருக்கும் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. கொப்பியில் எழுத முடியாத நட்டம் இதுதான்.

இப்போது கடையில் நடப்பது

அதன்பின் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். பெரிய கம்பனிகளுக்குரியவை அல்ல இவை. மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும்.

முதலாவது, ஆள் சேரும் நாளிலேயே ஒரு தாளில் வேலை, சம்பளம், நேரம், விடுமுறை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிடுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனத்தைக் கடன் கொடுக்கும்போது நினைக்கிறோம். ஆள் சேர்க்கும்போது மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, சம்பளத்தோடு சம்பளச் சிட்டையும் கொடுக்கிறேன். முற்பணம், கழிவு எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். கூலியைத் தாமதிக்கக்கூடாது என்பது நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த போதனை. எவ்வளவு, ஏன் என்று தெரியாமல் கொடுக்கும் கூலியும் அரைகுறைக் கூலிதான்.

மூன்றாவது, மாதத்தில் ஒரு நாள் கடை பூட்டியபின் அரை மணித்தியாலம் எல்லோரும் உட்கார்ந்து தேநீரோடு பேசுகிறோம். முதலில் அவர்கள் பேசவேண்டும், நான் கேட்கவேண்டும் என்பது நிபந்தனை. என்னோடுதான் பிரச்சினை என்றால், யாரிடம் சொல்வது? அதற்காக எல்லோரும் மதிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவர் எனக்கும் உறவில்லை, அவர்களுக்கும் உறவில்லை.

நான்காவது, சொன்னதை எழுதி, யார் எப்போது செய்வது என்று திகதி போடுகிறோம். இதன் அருமையை எங்கள் ஊர் கண்ணீரோடு படித்தது. மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உள்ளதென 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. லயத்து மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து வந்தது. தோட்டத்து மனிதருக்கு வேலையும் வீடும் ஒரே இடத்தில். அங்கே ஒரு எச்சரிக்கை கோப்பில் தூங்கிவிட்டால் அதன் விலை உயிர். நம் கடைகளில் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லாதிருக்கலாம். ஆனால் உடைந்த ஏணியைப் பற்றி ஒரு பையன் சொன்னதும், ‘பார்ப்போம்’ என்று விட்டுவிடுவது அதே நோயின் சிறிய வடிவம்தான்.

ஐந்தாவது, தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே தீர்ப்புச் சொல்வதில்லை. என்ன குறைந்தது, எப்போது என்று எழுதிக் கொடுத்து, விளக்கம் தர ஒரு வாரம் கொடுக்கிறேன். அவர் விரும்பினால் தனக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். பிறகே முடிவு, அதுவும் எழுத்தில்.

இதெல்லாம் ஊழியர் பக்கம் மட்டும் சாய்ந்தது என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. களவு செய்பவரும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுபவரும், வாடிக்கையாளரைப் போட்டிக் கடைக்கு இழுத்துக் கொடுப்பவரும் இருக்கவே செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டு வேறொருவரை நான் நிறுத்த நேர்ந்தது. எழுத்திலான குற்றச்சாட்டு, அவருடைய பதில், சாட்சியங்கள் எல்லாம் கோப்பில் இருந்தன. அவர் எங்கும் முறைப்பாடு செய்யவில்லை. ஒழுங்கான முறை நல்ல ஊழியரைக் காப்பாற்றுவதுபோல முதலாளியையும் காப்பாற்றுகிறது.

உலகமும் இந்த வழியில்தான் போகிறது. முறைப்பாட்டைத் தொழில் நடக்கும் இடத்துக்குள்ளேயே தீர்க்க முயலவேண்டும், ஊழியர் தனக்குத் துணையாக ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கவேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே தனது 130ஆம் இலக்கப் பரிந்துரையில் கூறிவிட்டது. பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டு முதல், பெரும்பாலான தொழில் வழக்குகளை நியாயசபைக்குக் கொண்டுபோகும் முன் சமரச அமைப்புக்கு அறிவிக்கவேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. வழக்கு கடைசிப் படி, பேச்சு முதல் படி என்பதே அங்கும் கணக்கு.

நம் கடைகளில் முதலாளியும் ஊழியரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். ‘நம்ம பையன்தானே, இதற்கெல்லாம் எதற்குக் கடிதம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒன்பது வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்ம பையன் என்ற உறவு, இருப்பில் இருபதாயிரம் குறைந்த அன்று எங்கே போனது என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். கடை பூட்டியபின் உங்களிடம் நீண்ட நாளாக வேலை செய்பவரை உட்காரவைத்து, “உங்களுக்கு என்ன குறை?” என்று கேளுங்கள். அவர் “ஒண்ணுமில்லை முதலாளி” என்பார். அதோடு எழுந்துவிடாமல், இன்னொருமுறை கேளுங்கள்.